திரளை, கட்டி, குறுணல்: பால்மாப் பேணிக்குள் எந்தச் சொல்?

பிழைதிருத்துநர், வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். மும்மொழி வெளியீடுகளுக்குத் தமிழ்ப் பிரதி பார்ப்பது என் தொழில். சென்ற வாரம் பால்மாவைப் பேணுவது, கரைப்பது பற்றிய ஒரு சிறு கைந்நூல் திருத்தத்துக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பிரதியில் ஒரே சொல் இரண்டு இடங்களில் வருகிறது. பேணியை மூடாமல் வைத்தால் மா ஈரம் பிடித்துச் சிறு சிறு துண்டுகளாக இறுகிவிடும் என்பது முதலாவது இடம். கொதிநீரை மாவின் மேல் ஒரேயடியாக ஊற்றினால் கோப்பைக்குள் சிறு சிறு உருண்டைகள் மிதக்கும் என்பது இரண்டாவது இடம். மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் "கட்டி" என்றே எழுதியிருந்தார். நான் இரண்டாவதை மட்டும் "திரளை" என்று மாற்றினேன். மறுநாள் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது யாழ்ப்பாணத்துச் சொல், கொழும்பில் விளங்காது" என்ற குறிப்புடன் பிரதி திரும்பி வந்தது.

எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. என் அம்மம்மா குழையல் சோற்றைக் கையில் வைத்து உருட்டி எங்கள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைப்பார். அதற்குத் "திரளை" என்றுதான் பெயர். அதை யாரும் "கட்டி" என்று சொல்லிக் கேட்டதில்லை. சோறு கட்டியாக இருக்கிறது என்றால் அது குறை. திரளையாக இருக்கிறது என்றால் சாப்பிடலாம். இந்த வேறுபாடு எங்கள் வீட்டு வழக்கு மட்டும்தானா, அல்லது சொற்களின் வேரிலேயே இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

"திரள்" என்பது வினை. தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றுகூடி உருண்டு வருவதை அது குறிக்கும். அதிலிருந்து "திரளை" வருவது, "உருள்" என்பதிலிருந்து "உருளை" வருவதைப் போன்றதுதான். உருளைக்கிழங்கை யாரும் வட்டார வழக்கு என்று சிவப்பு வட்டம் போடுவதில்லை. நில் என்பதிலிருந்து நிலையும், கொல் என்பதிலிருந்து கொலையும் இதே ஐகாரத்தால்தான் பிறந்தன. பிறவினையைப் பாருங்கள்: உருள், உருட்டு, சுருள், சுருட்டு, திரள், திரட்டு. நிதி திரட்டுவதும், பாடல்களைத் தொகுத்துத் "திரட்டு" என்று பெயரிடுவதும், பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் கிண்டுவதும் இதே வினைதான். தோளை "உருண்டு திரண்ட தோள்" என்று வர்ணிக்கும்போது இரண்டு வினைகளும் அருகருகே நிற்கின்றன. "திரணை" என்று ணகரத்தோடு சொல்வதும் உண்டு. அதுவும் இதே குடும்பம்தான்.

ஆகவே, ஒரு திரளையைப் பார்த்தால் அது எப்படி உண்டானது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறை இல்லை.

கொட்டாஞ்சேனை வாசகன்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். இரண்டு ஐயங்கள். பால் கெட்டுப்போனால் "பால் திரைந்துவிட்டது" என்கிறோம். அங்கும் சிறு சிறு உருண்டைகள்தான் மிதக்கின்றன. அப்படியானால் "திரை" என்பதுதானே வேர்? அடுத்தது, கன்னியாகுமரிப் பக்கத்தில் "தெரளிக் கொழுக்கட்டை" என்று ஒன்று செய்கிறார்கள். அது "திரளை" என்பதன் திரிபாக இருக்குமோ?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

இரண்டாவது எளிது. தெரளி என்பது அந்தக் கொழுக்கட்டையைப் பொதிந்து அவிக்கும் வாசனை இலையின் பெயர். கேரளத்திலும் அதே இலையில் தெரளியப்பம் அவிக்கிறார்கள். இலையால் வந்த பெயர் அது, உருண்டையால் வந்ததல்ல.

முதலாவது சற்று ஆழமானது. "திரை" என்றால் சுருங்குதல், மடிதல், சுருக்கம் விழுதல். கடலலைக்குத் திரை என்று பெயர் வந்ததும், முதியவர் முகத்தில் "நரை திரை" என்று சொல்வதும் அதனால்தான். பால் திரையும்போது முதலில் நிகழ்வது என்ன? வழவழவென்று ஒரே சீராக இருந்த பால் சீர் கெட்டுத் தண்ணீர் வேறு, கட்டி வேறாகப் பிரிகிறது; அந்தக் கேட்டைத்தான் "திரைந்தது" என்கிறோம். வெண்ணெய் வருவது வேறு வகை. மத்தால் கடையக் கடைய, மோரெங்கும் சிதறிக் கிடந்த கொழுப்புத் துளிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து உருண்டை ஆகின்றன. அதற்குத்தான் "திரளுதல்" என்று பெயர். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வோமே தவிர, வெண்ணெய் திரையும்போது என்று எவரும் சொல்வதில்லை. ஒன்று கெடுவது, மற்றது கூடுவது. ஒலி நெருக்கத்தை வைத்து இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிட நான் விரும்பவில்லை.

அகராதிப் பிரியன், தெகிவளை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் "திரளை" இருக்கிறது. 1924 முதல் 1936 வரை அங்கே அச்சான நூல் அது. ஆகவே இது யாழ்ப்பாணத்துச் சொல் அல்ல என்று யாராவது வாதிடப் போகிறீர்கள் என்றால், அந்த வாதம் பலவீனமானது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேரகராதி வேலையே 1862ஆம் ஆண்டு வெளிவந்த வின்சுலோ அகராதியைத் திருத்தி விரிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. வின்சுலோ அகராதிக்கான சொற்சேகரிப்போ யாழ்ப்பாணத்து மிஷனரிமார் தொடங்கி வைத்த வேலை. 1842ஆம் ஆண்டு வந்த மானிப்பாய் அகராதியும் அதே மண்ணில் பிறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட சொல் சென்னையில் அச்சேறிவிட்டு, தன்னைத் தானே சாட்சிக்கு அழைப்பது போல ஆகிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

நல்ல எச்சரிக்கை. அகராதியைச் சாட்சிக்கு அழைக்காமலே வழக்கை நடத்தலாம். மலையாளத்தில் "திரளுக" என்ற வினை உண்டு. பெண் பூப்படைவதையொட்டிய சடங்கை அங்கே "திரண்டுகல்யாணம்" என்றார்கள். தமிழ்நாட்டில் வைணவ வீடுகளில் திரட்டுப்பால் இல்லாத சீர் இல்லை. வினை இரு கரையிலும் உயிரோடு இருக்கும்போது அதன் பிள்ளையை மட்டும் ஒரு கரைக்கு உரியது என்று எழுதி வைப்பது நியாயமாகாது. அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் அதிகம் புழங்குகிறது என்பது மட்டும் உண்மை.

மட்டுநகர் மகள், கல்கிசை

எல்லோரும் சோற்றுத் திரளையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பிட்டைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் இந்தச் சொற்களெல்லாம் ஒரே சட்டிக்குள் மோதிக்கொள்வது அங்கேதான்.

வறுத்த அரிசிமாவில் உப்பிட்டு, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறும்போது மா முதலில் திரளும். சூடு தணியுமுன் ஒரு வெறும் பேணியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் விளிம்பால் டக்டக் என்று கொத்த வேண்டும். கொத்தக் கொத்தப் பெரிய திரளைகள் உடைந்து, குன்றிமணியளவுக்குச் சிறுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும். அந்த நிலையில் என் மாமி "குறுணலாய் வந்துவிட்டது" என்பார். தேங்காய்ப்பூவைக் கலந்து நீற்றுப்பெட்டிக்குள் போடுவது அதற்குப் பிறகுதான். நீர் கூடினாலோ, கொத்துகிறவருக்குப் பொறுமை குறைந்தாலோ, அவித்த பின்பும் உள்ளே வெள்ளையாக, வேகாமல் ஒரு துண்டு நிற்கும். அதுதான் "கட்டி". புதிதாக மணமாகி வந்த காலத்தில் நான் அவித்த பிட்டில் மாமனார் ஒரு கட்டியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மிச்சத்தைச் சாப்பிட்டார். அந்தத் துண்டு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரே மாதான். சேரும்போது திரளை, கொத்துப்படும்போது குறுணல், பிழைக்கும்போது கட்டி.

இன்னொரு கேள்வி. "பிட்டு" என்ற சொல்லே "பிடு" என்பதிலிருந்து, அதாவது பிட்டுப் பிட்டு எடுப்பதிலிருந்து வந்ததுதானா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

மகள், உங்கள் கடைசி வரிக்கு முன்னுள்ள அந்த ஒரு வரியை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பேன்.

பிட்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. பிட்டு எடுப்பதால் பிட்டு என்பது ஒரு கட்சி. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நான் மற்றக் கட்சி. வடமொழியில் "பிஷ்ட" என்றால் அரைத்தது, இடித்தது. பாளியில் அது "பிட்ட" ஆகி மாவைக் குறிக்கிறது. கொழும்பில் எந்தச் சிங்களக் கடையிலும் மாவுக்கு "பிட்டி" என்ற சொல்லைத்தான் கேட்கிறீர்கள். அதுவும் அதே வழியில் வந்ததே. இடித்த மாவில் செய்த பண்டம் மாவின் பெயரையே பெற்றது என்று கொள்வது எனக்கு இயல்பாகப் படுகிறது. எப்படியாயினும் சொல் பழையது. திருவாசகத்திலேயே "பிட்டு நேர்பட மண்சுமந்த" என்று வந்துவிட்டது.

புறக்கோட்டைக் கணக்கன்

நான் நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். இலக்கணம் தெரியாது, சரக்குத் தெரியும்.

குறுணல் என்பது எங்களிடம் உடைந்த அரிசி. நோன்பு மாதம் நெருங்கும்போது கஞ்சிக்கென்று கேட்டு வருவார்கள். தமிழ்நாட்டுக்காரர் அதைக் குருணை என்பார்கள், நொய் என்பார்கள். குறுநொய் என்ற பழைய சொல்லைச் சொல்லிப் பார்த்தால் குருணையும் குறுணலும் எங்கிருந்து வந்தன என்று நாக்குக்கே தெரியும். ஆகவே குறுணல் சேர்ந்து வந்ததல்ல, சிதைந்து வந்தது. பிட்டுக் குறுணலும் கொத்துப்பட்டு உடைந்ததுதான். மட்டுநகர் அம்மா சொன்னது சரக்குக் கணக்கோடு ஒத்துப்போகிறது. (இதைக் குறுணி என்ற பழைய அளவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எட்டு நாழி. பன்னிரண்டு குறுணி சேர்ந்தால் ஒரு கலம்.)

கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கடையில் பனங்கட்டி, நாமக்கட்டி, சவர்க்காரக்கட்டி எல்லாம் உண்டு. ஒன்றுகூட மென்மையானதல்ல. பனங்கட்டிக் குட்டானைப் பிரித்துத் தேநீரோடு கடித்தவனுக்குக் கட்டி என்றால் என்னவென்று பல் சொல்லும். அது காய்ச்சும் வரைக்கும் கருப்பநீர், அதாவது ஓடும் பொருள். இறுகிய பிறகுதான் கட்டி.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

கணக்கர் ஐயா, இலக்கணம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அதன் நடுவில் வந்து நின்றுவிட்டீர்கள்.

"கட்டு" என்பதற்குப் பிணித்தல் என்ற பொருள் இருப்பதால், பலரும் கட்டி என்றால் கட்டப்பட்டது என்று விளக்குகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. "நீர் உறைந்து கட்டிவிட்டது", "சளி கட்டியிருக்கிறது" என்று சொல்லும்போது யாரும் எதையும் கயிற்றால் பிணிக்கவில்லை. அங்கே கட்டுதல் என்றால் இறுகுதல். அண்டை மொழிகளைப் பாருங்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் "கட்டி" என்பது உறுதியான, கெட்டியான என்று பொருள்படும். மலையாளத்தில் "கட்ட" என்றால் மண்கட்டி, செங்கல். நம் "கெட்டி" என்ற சொல்லும் அருகிலேயே நிற்கிறது. எனவே கட்டியின் உயிர் கடினத்தில் இருக்கிறது. நாலடியாரில் "கரும்பாட்டிக் கட்டி சிறுகாலைக் கொண்டார்" என்று வருமிடத்தில், கட்டி என்ற ஒற்றைச் சொல்லே வெல்லத்தைக் குறித்துவிடுகிறது. சாறு இறுகினால் வேறென்ன?

இனிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. "சர்க்கரை" என்ற சொல் வடமொழியில் முதலில் பரலையும் பொடிக்கல்லையும் குறித்தது. இனிப்புப் படிகங்கள் பரல் போல இருந்ததால் அவற்றுக்கும் அதே பெயர் வந்தது. பாளியில் "சக்கரா" ஆகி, சகரம் ஹகரமாகி, சிங்களத்தில் "ஹக்குரு" ஆயிற்று. கொழும்பில் சிங்கள நண்பர் வீட்டில் வெறுந்தேநீரோடு கையில் வைத்துக் கொடுக்கும் கித்துள் ஹக்குருவும், நம் பொங்கல் பானைக்குள் விழும் சர்க்கரையும் பிறப்பால் கூழாங்கற்கள்.

மலையகத்தான், கொழும்பு 13

எங்கள் வீட்டுச் சொல் குருணைதான். எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டு வந்தது. ஆனால் நான் எழுத வந்தது தேயிலையைப் பற்றி.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டு மேசைப் பக்கம் வேலை செய்தவர். வாடிய கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில் போட்டால், இலை முறுக்கேறிச் சாறு கசிந்து, அந்தப் பசையால் பந்து பந்தாகச் சேர்ந்துவிடும். அப்படியே விட்டால் பந்தின் நடுவில் சூடு ஏறிவிடும், நொதிப்பும் சமமாக நடக்காது. அதற்காகவே "ரோல் பிரேக்கர்" என்ற அதிரும் சல்லடை இருக்கிறது. அது பந்துகளை உடைத்துச் சிறிய இலையைச் சலித்துக் கீழே தள்ளும். அப்படிச் சலித்து விழுவதைத் துரைமார் "டூல்" என்று எழுதினார்கள்: முதலாம் டூல், இரண்டாம் டூல் என்று. அது நம் "தூள்" தான்! பிரித்தானியரின் தொழில்நுட்பக் கையேட்டுக்குள் நுழைந்து திரும்பி வந்தபோது, அப்பாவே அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இலைப் பந்தை அவர்கள் கட்டி என்று சொன்னதில்லை. கையால் அமுக்கினால் பிரிந்துவிடும் பொருள் அது. ஆசிரியை அம்மாவின் கணக்கில் அது திரளையாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்தகத்துக்காரி, மருதானை

எங்கள் பக்கத்திலும் ஒரு சிறு உருண்டை இருக்கிறது. இலங்கையில் நாம் "குளிசை" என்று சொல்வது தமிழ்நாட்டில் விளங்காது; அவர்களுக்கு அது மாத்திரை. மாத்திரை என்றால் அளவு. குளிசையோ குளிகையின் திரிபு. வடமொழியில் குளிகா என்றால் சிறு உருண்டை. சிங்களத்தில் "குலிய" என்று உருண்டையைச் சொல்வதும் அதுவே. வைத்தியர் கல்வத்தில் அரைத்து விரலிடையில் உருட்டிய காலத்துப் பெயர், இயந்திரம் தட்டையாக அழுத்தும் காலத்திலும் நிற்கிறது.

பிழைதிருத்துநருக்கு ஒரு கோரிக்கை. "கட்டி" என்ற சொல்லை அச்சிடும்போது கொஞ்சம் யோசியுங்கள். என்னிடம் வருகிற தாய்மார்களுக்கு அந்தச் சொல் முதலில் நினைவூட்டுவது உடம்பில் வரும் கட்டியை. குழந்தைக்குக் கரைக்கும் பாலைப் பற்றிய கைந்நூலில், "கட்டிகள் தோன்றும்" என்று தனியாக ஒரு வரி நின்றால், பாலில் தோன்றுமா, பிள்ளைக்குத் தோன்றுமா என்று கேட்பார்கள். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வேறொரு துண்டுப்பிரசுரத்தை வைத்துக்கொண்டு இப்படியே கேட்ட ஒருவருக்கு விளக்கியிருக்கிறேன்.

அகராதிப் பிரியன், தெகிவளை

அப்படியானால் பேணிக்குள் இருப்பதையும் திரளை என்றே எழுதிவிடலாமே? இரண்டு சொல் எதற்கு?

பிழைதிருத்துநர், வெள்ளவத்தை

இல்லை, ஐயா. அதை நேற்றிரவு சோதித்துப் பார்த்தேன். கடலோரம் குடியிருப்பதால் எங்கள் வீட்டில் மூடாத எந்தப் பேணியும் ஒரு வாரம் தாங்காது. பால்மாவிலுள்ள லாக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுத்து முதலில் பசையாகிறது, பிறகு படிகமாகி இறுகுகிறது. அப்படி இறுகிய ஒரு துண்டைக் கரண்டியால் தட்டினேன், சத்தம் கேட்டது. கணக்கர் ஐயாவின் பனங்கட்டிக்கு அது தம்பி.

பிறகு புதிய மாவைக் கோப்பையில் போட்டு, வேண்டுமென்றே கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினேன். மிதந்த உருண்டைகளில் ஒன்றைக் கரண்டியால் எடுத்துப் பிளந்தால், வெளியே வழுவழுப்பான தோல், உள்ளே நனையாத வெறும் மா. வெளிப்புறம் முந்தி நனைந்து பசைத்தோல் ஆகிவிடுவதால், தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் போகிறது. அதில் இறுகியது எதுவுமில்லை. மா மாவாகவே இருக்கிறது, சேர்ந்து உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கட்டி என்று எழுத என் கை வரவில்லை.

ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதும் என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை என்று விளக்கி, மருந்தகத்து அம்மாவின் எச்சரிக்கையையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். இன்று பதில் வந்திருக்கிறது. முதலாவது இடத்தில், "பேணியை இறுக மூடி வையுங்கள், ஈரம் பட்டால் மா இறுகிக் கட்டியாகும்" என்பதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தில் "திரளை" என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்னமும் சம்மதமில்லை. ஆனால், "இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மா திரளாதபடி கலக்குங்கள்" என்று வினையாக எழுதிக் கொடுத்தபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தாய் யாழ்ப்பாணமும் இல்லை, கொழும்பும் இல்லை. பிள்ளைக்கு மட்டும்தான் அடையாள அட்டை கேட்கிறார்கள் போலும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

வினை போதும், தம்பி. உங்கள் வரியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: "கலக்குங்கள்" என்பதற்குப் பதிலாகக் "கரையுங்கள்". கலக்கினால் திரளும், கரைத்தால்தான் திரளாது.

மட்டுநகர் மகள், கல்கிசை

அம்மா, கொத்தினாலும் திரளாது.